கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவில்

டெப்போவில் எனக்குக் கடுகு என்று பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடித்துவிடுவேனாம். அந்தப் பெயரை வைத்தவன் ஓய்வு பெற்றுப் போய்விட்டான், பெயர் மட்டும் போகவில்லை. இருபத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டியவனுக்குப் பொறுமை மிச்சமிருந்தால்தான் அதிசயம். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது என் வண்டியில் பதினோரு வருஷமாகக் கண்டக்டராக இருப்பவளைப் பற்றி. அவளுக்கு டெப்போ வைத்த பெயர் தலகாணி.

எங்கள் வண்டி பழசு. ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் மேலே ஒரு இரும்புக் கம்பி ஓடும். ஒரு காலத்தில் அதற்கு ரப்பர் உறை இருந்தது. ஜனங்கள் நகத்தால் கிள்ளிக் கிள்ளியே அதைத் தீர்த்துவிட்டார்கள். மத்தியானம் இரண்டு பத்து டிரிப்பில் ஏறுகிறவர்கள் எல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போனவர்கள். பேக்கரி, பால் பண்ணை, மார்க்கெட், துணி ஆலை. உட்கார்ந்த இரண்டாவது ஸ்டாப்பிலேயே தலை தொங்க ஆரம்பிக்கும். நான் பிரேக் போட்டால் நெற்றி போய் முன்சீட்டுக் கம்பியில் இடிக்கும். 'டங்' என்று என் காது வரைக்கும் கேட்கும்.

இவள் டிக்கெட் கொடுத்து முடித்ததும், யார் தலை அதிகமாக ஆடுகிறதோ அங்கே போய் நிற்பாள். சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, பையைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, அந்தக் கம்பியின் மேல் உள்ளங்கையை வைப்பாள். நெற்றி வந்து கையில் விழும். விழுந்தவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே இரண்டு ஸ்டாப், மூன்று ஸ்டாப் போகும். இறங்குகிற இடம் வந்தால் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். "எழுந்திருங்க, வீடு வந்துடுச்சு." எத்தனை நெற்றி அந்தக் கையில் விழுந்ததோ, யார் கண்டது?

இதோடு நின்றால் பரவாயில்லையே! கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு பள்ளிக்கூடப் பையன் சட்டைப் பித்தான் அவிழ்ந்தபடி ஏறினால், சில்லறை கொடுக்கிற சாக்கில் பித்தானையும் மாட்டிவிடுவாள். ஒரு பெண் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவள் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகில் கையை வைத்தவள், பன்னிரண்டு ஸ்டாப்புக்கும் எடுக்கவில்லை. டிக்கெட் கேட்டவர்களை எல்லாம் "இங்க வந்து வாங்கிக்குங்க" என்று அந்த இடத்துக்கே வரவழைத்தாள். நான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீ கண்டக்டரா, ஆயாவா?"

"ரெண்டுக்கும் சேத்து ஒரே சம்பளம்தாண்ணே. நீங்க ரோட்டப் பாருங்க."

பேச்சில் அவளை மடக்க முடியாது. அவளுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. ஆம்பளை என்றால் தூங்கினால் மட்டும் தொடுவாள், இல்லை விழுந்தால் மட்டும். அதுவும் தோளுக்கு மேலேதான். எல்லாருக்கும் அது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு அம்மாள் "கைய எடும்மா மொதல்ல" என்று சீறியிருக்கிறாள். இவள் உடனே எடுத்துவிட்டு, "தப்புதாம்மா" என்று நகர்ந்துவிட்டாள். அடுத்த சீட்டில் இன்னொரு தலை ஆடிக்கொண்டிருந்தது, அங்கே போய்விட்டாள்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன், உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று. "எங்க வீட்ல ஆறு பொண்ணுங்கண்ணே. ஒரே பாய். பக்கத்துல கெடக்கறவ மேல கை போடலன்னா, கைய எங்க வைக்கிறதுன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள். அவளைக் கட்டினவன் ஒரு நாள் எங்கள் வண்டியில் ஏறியிருக்கிறான். யாரோ ஒரு கிழவரின் நெற்றியைத் தாங்கிக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்குப் போனதும் பேச்சு முற்றி, "ஊர்ல இருக்கறவனையெல்லாம் தொட்ட கையால எனக்குச் சோறு போடாத" என்றானாம். ஆறு மாதத்தில் விலகியும் போய்விட்டான். இப்போது மூத்த அக்காவோடு ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறாள். அவன் போன நாட்களில் கண் வீங்கித்தான் வேலைக்கு வந்தாள். ஆனாலும் கம்பி மேல் கை வைப்பதை நிறுத்தவில்லை.

எனக்கோ யாரையும் தொட்டுப் பழக்கமே இல்லை. என் மகனுக்கு வேலை கிடைத்த அன்று ஓடி வந்து சொன்னான். 'ம்' என்று தலையாட்டினேன். "ஸ்டியரிங்கத் தவிர வேற எதையும் நீங்க ஆசையாத் தொட்டதே இல்ல" என்பாள் என் மனைவி. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

இனி ஒரு பேக்கரிக்காரருக்கு வருகிறேன். ஐம்பது வயதிருக்கும். காது மடலிலும் புருவத்திலும் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். மூன்றாவது சீட்டு, ஜன்னல் ஓரம். ஏறியதும் தூங்குவார். கடைசி ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் இவள் தட்டினால் எழுந்து இறங்குவார். ஒரு வருஷமாக இப்படி. இரண்டு பேரும் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. ஒரு தடவை காகிதத்தில் சுற்றிய சூடான பன் ஒன்றை அவள் பைக்குள் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். அதில் பாதி எனக்கும் கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது.

அன்றைக்கு நாங்கள் ஏழு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். தாமதத்துக்காக அந்த மாதம் எனக்கு ஏற்கனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேறு ரூட்டுக்குத் தூக்கி அடிப்பார்கள். எனக்குப் பின்னாலேயே இன்னொரு வண்டி முட்டுகிற மாதிரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் வழக்கம்போல ஏறினார். டிக்கெட் கேட்கும்போது அவருக்கு நாக்கு குழறியதாம், சில்லறை விரலிடுக்கில் நழுவிக் கீழே விழுந்ததாம். இவள் பொறுக்கிக் கையில் வைத்து மூடிவிட்டாளாம். "அலுப்புன்னு நெனச்சேண்ணே" என்று பிறகு சொன்னாள். ஒரு வருஷமாக அவரை அலுப்பாகவே பார்த்துப் பழகியவள் வேறு என்ன நினைப்பாள்?

பஸ்ஸில் ஒரு முறை உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒத்தை விசில் கேட்டால் நான் நிறுத்த வேண்டும். ரெட்டை விசில் கேட்காமல் வண்டியை எடுக்கக்கூடாது. விசில் கண்டக்டர் வாயில்.

பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்றோம். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறியாயிற்று. ரெட்டை விசில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால், இவள் மூன்றாவது சீட்டில் குனிந்து, அந்த மனிதரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க. இவரு முகம் ஒரு மாதிரியா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முகம் பாக்குற நேரமாம்மா இது? மாப்பிள்ளையா பாக்குற? விசிலக் குடு!"

வண்டி முழுக்கச் சிரித்தது. நல்ல ஜோக்கு அடித்த பெருமையில் நானும் சிரித்தேன். அவள் முகம் சிவந்து போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நொடி தயங்கினாள். பிறகு ரெட்டை விசில் கொடுத்தாள். கிளம்பிவிட்டேன்.

அங்கிருந்து அவர் ஸ்டாப்புக்கு இருபத்தைந்து நிமிஷம். அவள் மூன்றாவது சீட்டை விட்டு அசையவில்லை. இடையில் ஏறியவர்களுக்கு டிக்கெட்கூடக் கொடுக்கவில்லை. ஒரு கை அவர் நெற்றியில், இன்னொரு கையால் கைக்குட்டை எடுத்து அவர் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டாப் வந்தது. தோளில் தட்டினாள். இன்னொரு தட்டு. அப்புறம் உலுக்கினாள். அப்புறம்தான் அந்த அலறல் வந்தது. பதினோரு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

வண்டியை அங்கேயே திருப்பினேன். பயணிகள் எல்லாரும் உள்ளேதான். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், சிக்னலை எல்லாம் தாண்டி, அதே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினேன். அன்றைக்கு ஓட்டிய மாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. என்ன பிரயோஜனம்? டாக்டர் சின்ன வயசுக்காரர். இவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. இதுல ஒவ்வொரு நிமிஷமும் போறது போனதுதான். எந்த ரூட்டு உங்களுது?" என்றார். சொன்னேன். "அப்ப இந்த வாசலைத் தாண்டித்தானே போயிருப்பீங்க?" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உயிர் தங்கியது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று.

டெப்போவில் விசாரணை நடந்தது. நான் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: 'பேருந்து குறித்த நேரத்தில் இயக்கப்பட்டது.' அதுகூடப் பொய்தான், ஏழு நிமிஷம் தாமதம். அவள் எழுதியதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'பயணி உறங்குவதாக நினைத்தேன்.' நிறுத்தச் சொன்னதையும் எழுதவில்லை, என் ஜோக்கையும் எழுதவில்லை. நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருந்துவிட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல? அவளுக்கு ஒரு எச்சரிக்கை, டெப்போவுக்கு ஒரு சுற்றறிக்கை. நடத்துநர்கள் இனிப் பயணிகளைத் தொடக்கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மனிதரின் சம்சாரம் டெப்போவுக்கு வந்தது. ஒடிசலான அம்மாள், வீட்டில் துணி இஸ்திரி போடும் தொழில், விரல் நுனியெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. எந்த வண்டி, யார் கண்டக்டர் என்று விசாரித்துக்கொண்டு நேராக இவளிடம் வந்தது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்கணும். எனக்கு மூணு வேளையும் அதே நெனப்பா இருக்கு. அவரு கூப்பிட்டாரா? உதவி கேட்டு, அத்தன பேர்ல ஒருத்தரும் திரும்பிப் பாக்கலயா?"

"இல்லம்மா" என்றாள் இவள். "தூங்கிட்டிருந்தாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"தூங்கிட்டிருந்தாரா? அப்ப சரி. அப்ப சரிங்க." அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. நான் பத்தடி தள்ளி டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். அந்த டயருக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றிலிருந்து இவள் யாரையும் தொடவில்லை. சுற்றறிக்கைக்குப் பயந்து இல்லை. அந்தக் காகிதத்தை அவள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. டிக்கெட்டை இரண்டு விரல் நுனியில் நீட்டுவாள், சில்லறையைப் பயணியின் கையில் படாமல் மேலிருந்து போடுவாள். டிக்கெட் கொடுத்து முடித்ததும் இரண்டு கையையும் பை வாருக்குள் செருகிக்கொண்டு பின்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிடுவாள். வீட்டிலும் அப்படித்தானாம். அவள் அக்கா ஒரு நாள் டெப்போவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது என்னிடம் அழுதது. "காய்ச்சல்னு படுத்திருந்தேன், நெத்தியத் தொட்டுப் பாக்கல தம்பி. தெர்மாமீட்டர நீட்டுறா. இவ என் தங்கச்சிதானான்னு இருக்கு."

எங்கள் வண்டி நேரத்துக்கு ஓடியது. டைம் கீப்பர் பாராட்டினார். நாள் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் 'டங்', 'டங்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் எத்தனை சத்தத்தை அவள் கை விழுங்கியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் தட்டு விழுந்தால்கூடத் திடுக்கிட்டேன்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது, பிரேக்கை அழுத்தினேன். தூக்கத்தில் இருந்த துணி ஆலைப் பெண் ஒருத்தியின் நெற்றி கம்பியில் மோதிக் கிழிந்து ரத்தம் புருவத்தில் வழிந்தது. இவள் நாலடி தூரத்தில் நின்று பார்த்தாள். கை வாருக்குள்ளேயே இருந்தது. பிறகு முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, கையை முழுசாக நீட்டி, "வச்சு அழுத்திக்குங்க" என்றாள். அந்தப் பெண் பஞ்சை வாங்கிக்கொண்டு இவளை ஏறிட்டுப் பார்த்தாள். தலகாணியா இது? நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் இவளை?

கடைசி ஸ்டாப்பில் வண்டி காலியானதும் பின்னால் போனேன்.

"செவ்வாக்கிழமை நமக்கு லீவு. அவரு வீட்டுக்குப் போறோம். நடந்தத நான் சொல்லிடறேன்."

"வேணாண்ணே. அந்தம்மா தூங்கினாருன்னு நெனச்சு நிம்மதியா இருக்கு. அதக் கெடுக்காதீங்க."

"அந்தம்மா நிம்மதியா இருக்கட்டும். நீ? ஒரு மனுசியத் தொட முடியாம நிக்கிற. தப்பு என்னுதும்மா. நான் சொல்லிட்டா ஒன் மேல இருக்கறது எறங்கிடும்."

"ஒங்களுக்குப் புரியலண்ணே" என்றாள். பின்படிக்கட்டில் இறங்கிப் போனாள்.

எனக்குப் புரியவில்லைதான். பெரிய மனுஷத்தனமாக ஒரு காரியம் செய்யப் போகிறேன் என்ற மிதப்பில் இருந்தேன். உண்மையைச் சொல்வேன், அந்தம்மா என்னைத் திட்டும், இவள் மேல் பழி இல்லை என்று ஆகிவிடும். இரண்டு நாள் அதை வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தேன்.

வீடு மாடியில். இருபத்திரண்டு படி, ஒரு ஆள் ஏறுகிற அகலம். ஒரே அறை. ஒரு பக்கம் இஸ்திரி மேஜை, மடித்த சட்டைகள் அடுக்கடுக்காக. இன்னொரு பக்கம் இரும்புக் கட்டில். அவர் எழுந்து உட்காரப் பிடித்துக்கொள்வதற்கு ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. பேக்கரிக்காரர் பாதியாக இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இடது கையால் சுவரைத் தட்டினார்.

"அதக் கண்டுக்காதீங்க. ஆஸ்பத்திரிய விட்டு வந்த நாள்லேர்ந்து சுவத்தத் தட்டிக்கிட்டேதான் இருக்காரு. என்னவோ சொல்லணும், சொல்லத் தெரியல" என்றது அந்தம்மா. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "சொல்லுங்க, என்ன விஷயம்?"

நான் கோத்து வைத்ததைச் சொன்னேன். "அம்மா, நான்தான் டிரைவர். அன்னிக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இவ நிறுத்தச் சொன்னா. இவரு முகம் ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னா. நான்தான் கேக்கல. கிண்டல் பண்ணிட்டுக் கிளம்பச் சொன்னேன். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தது. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

"முகம் ஒரு மாதிரியா இருக்குன்னு நீ சொன்னியா?"

"ஆமாம்மா."

"அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

இவள் கட்டில் பக்கம் பார்த்தாள்.

"வண்டி கிளம்பறதுக்கு விசில் யாரு ஊதணும்?"

"நான்."

"ஊதினியா?"

"ஊதினேன். எல்லாரும் சிரிச்சாங்கம்மா. வெக்கமாப் போச்சு. ஊதிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... கை குடுத்து நெத்தியப் பிடிச்சுக்கிட்டேன். கடைசி வரைக்கும் விடல."

"கையா?" அந்தம்மாவின் குரல் உடைந்தது. "கை எதுக்குடி? ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதுமே! தூங்கினாருன்னு என்கிட்ட வேற சொன்ன!"

"பொய்யிம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடியிருக்கவில்லை. அவள் கைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நாலு பேர் சிரித்ததற்காக விசில் ஊதியிருக்கிறாள். அதைத்தான் இரண்டு மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அதை இறக்கி வைக்கிறேன் பேர்வழி என்று நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டேன். அடப்பாவி என்று என்னை நானே சபித்துக்கொண்டேன்.

சுவரில் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அந்தம்மா திரும்பிப் பார்த்தது. கட்டிலில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் முகம் எங்கள் பக்கமே இருந்தது.

"இதத்தான் சொல்லணும்னு தட்டிக்கிட்டு இருந்தீங்களா?" என்றது அந்தம்மா மெதுவாக. "அப்ப தூங்கலயா நீங்க? அவங்க சிரிச்சதெல்லாம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

இவள் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கி வைத்திருந்தாள். எனக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது. இருபத்தைந்து நிமிஷம், அந்த மனிதர் முழித்தபடி, எல்லாவற்றையும் கேட்டபடி அவள் கையில் கிடந்திருக்கிறார்.

கீழே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அந்தம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தது.

"மூணரை ஆச்சு. தெரப்பிக்குக் கூட்டிட்டுப் போகணும். எப்பவும் தூக்குற பக்கத்து வீட்டுக்காரரு இன்னிக்கு இல்ல. ரெண்டு பேரும் எழுந்திருங்க. படி எறக்கணும்."

நான் கட்டில் பக்கம் போனேன். இவள் எழுந்தாள், ஆனால் வரவில்லை. "என்னால முடியாதும்மா. நான் இப்ப யாரையும் தொடறதில்ல."

அந்தம்மா இரண்டு எட்டில் அவளிடம் போனது. அடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கட்டில் அருகே நிறுத்தியது.

"தொட்டுத்தானே கெடுத்த? தொட்டே தூக்கு."

அவள் குனிந்தாள். அவர் அக்குளுக்குக் கீழே ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுத்தாள். நான் மறுபக்கம். ஒரு மனிதனை எங்கே பிடிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. "இடுப்பு வார் பக்கமாப் பிடிங்கண்ணே, கைய முறுக்காதீங்க" என்று அவள்தான் சொன்னாள், அழுகையும் வார்த்தையும் கலந்த குரலில். தூக்கினோம். பாதியாக இளைத்த மனிதர் அவ்வளவு கனம் கனப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. இருபத்திரண்டு படி. அந்தம்மா முன்னால் இறங்கி அவர் செயலற்ற காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தது. நடுவில் ஒரு இடத்தில் அவர் இடது கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். விழாமல் இருக்கப் பிடித்தாரா, கோபத்தில் பிடித்தாரா, தெரியாது. பிடியை விடவில்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மறுநாளே டெப்போவில் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொடுத்தோம். இரண்டு பேருக்கும் தண்டனை வந்தது, வரட்டும். வண்டியில் அவள் மறுபடி கம்பி மேல் கை வைக்கிறாள். ஆனால் முன்போல இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தால் தூங்குகிற ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பி, "ஒங்க பேரச் சொல்லுங்க" என்கிறாள். முகத்தைப் பார்க்கிறாள். "கைய ரெண்டும் தூக்குங்க" என்கிறாள். ஜனங்கள் கண்டபடி திட்டுகிறார்கள். யாராவது சிரித்தால் அவளுக்கு இப்போதும் முகம் சிவக்கிறது, ஆனால் நகர்வதில்லை. நான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ரெட்டை விசிலுக்காகக் காத்திருக்கிறேன். தினமும் தாமதம்தான், மெமோவும் வருகிறது, ரூட்டை மட்டும் ஏனோ இன்னும் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவரைப் படியிறக்கித் தெரப்பிக்குக் கொண்டுபோக அவர் வீட்டுக்குப் போகிறோம். அந்தம்மா எங்களை ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன வாரம் நாங்கள் கிளம்பும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சொன்னது: "அடுத்த வாரம் மூணு மணிக்கே வந்துடுங்க. ரெண்டு பேரும்."